ஆற்றங்கரையிலிருந்து எழும்பிய வீடு

வினாகிரிப் புளிப்பில் உள்ளி கொதிக்கும் மணம் எங்கே வந்தாலும், ஒரு வீடு வயலுக்குள்ளால் நடந்து போவதைப் பார்க்கிறேன்.

லுசேர்ணில் ஒரு ஹோட்டல் சமையலறை. என்னோடு மரக்கறி வெட்டியவள் பிலிப்பைன்ஸ்காரி, சுவிஸ்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். என்னைக் ‘கூயா’ என்பாள், அண்ணன் என்று அர்த்தம். நாங்கள் கதைத்ததெல்லாம் அரைகுறை ஜெர்மன். எனக்குள் அது தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.

சந்தையும் தேவாலயமும் உள்ள ஒரு சின்னப் பட்டணம், அதைச் சுற்றி ஆற்றோரமாய்ச் சிதறிய கிராமங்கள், அதுதான் அவளுடைய ஊர். கடைசிக் கிராமத்தில், மூங்கில் வீட்டில், அப்பா தனியே இருந்தார். ஆறு மழைக்கு மழை கரையைத் தின்றுகொண்டு வந்தது. இன்னொரு பெருமழை வந்தால் வீடு ஆற்றுக்குள்.

அங்கே அதற்கொரு வழி உண்டு. அடியில் கழிகளைக் கட்டி, ஊரே தோள்கொடுத்து, வீட்டை அப்படியே தூக்கி மேட்டில் வைத்துவிடுவார்கள். கூலி இல்லை. வீட்டுக்காரர் சோறு போட வேண்டும். அப்பா இடறியது அதில்தான். சமைக்க வீட்டில் ஒருவரும் இல்லை, எந்த முகத்தோடு ஆட்களைக் கூப்பிடுவது என்று பிடிவாதமாய் இருந்தார்.

“உம்மட அப்பர் எங்கட ஆளோ?” என்றார் அங்கே பாத்திரம் கழுவும் எங்கள் ஊர் அண்ணை. “இந்த வீம்பு எங்கட ஊரிலயெல்லோ விளையிறது.”

அவள் சிரிக்கவில்லை.

ஒரு காலை அவளுடைய போன் அடித்தது. யாரோ அயலவர் படம் பிடித்துக் காட்டினார். கூரை ஆட ஆட வீடு வயலுக்குள்ளால் வந்துகொண்டிருந்தது. கீழே சேறு பூசிய கால்கள் மட்டும். முன்னால் பெண்கள், தலையில் பானைகளோடு. அவரவர் வீட்டில் சமைத்து, கேளாமலே வந்துவிட்டார்கள். அவளுக்குக் கையில் கத்தி இருப்பதே மறந்துபோயிற்று. நானும் அண்ணையும் சண்டைக்குள் வீடுகளை விட்டுவிட்டு நடந்த ஆட்கள். வீடும் கூட வருமென்று யார் கண்டது?

மேட்டில் இறக்கியதும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அன்று வேலையாட்களின் சாப்பாடு அவள் முறை. கோழி, வினாகிரி, உள்ளி.

“நான் வீடு தூக்கேல்லைப் பிள்ளை, சாப்பிடலாமோ?” என்றார் அண்ணை.

“கரண்டியைத் தூக்குங்கோ, அதுவே காணும்.”

பின்னேரம் பஸ் தரிப்பிடத்தில் நிற்கையில் அவளுடைய போனுக்கு அப்பாவே அழைத்தார். கேட்டுக்கொண்டிருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எனக்குப் பயமாகிவிட்டது.

“என்ன, விழுந்திட்டுதோ?”

“இல்லை கூயா. வாசலைப் பிழையாய் வைச்சிட்டினம். ஆற்றைப் பாக்கிற வாசல் இப்ப பக்கத்து வீட்டுப் பன்றிக் கொட்டிலைப் பாக்குதாம்.”

“அப்ப என்ன செய்யப் போறார்?”

பஸ் வந்து நின்றது. படியில் ஏறித் திரும்பினாள்.

“நாளைக்குத் திருப்பி வைக்க ஆக்களை வரச்சொல்லிப்போட்டார். வீடு வீடாய்ப் போய், அவரே கேட்டவராம்.”