நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ஒடுக்குகள்

டிங்கரிங் பட்டறையில் என்னைப் போன்றவனுக்குச் சுத்தியலைவிடச் சாக்பீஸ்தான் சீக்கிரம் தேயும். வண்டித் தகட்டில் விழுந்த ஒவ்வொரு ஒடுக்கையும் வட்டமிட்டு, எண்ணி, நோட்டில் எழுதிய பிறகுதான் தட்டுவேன். வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் அலைந்தவர்கள் இதைப் படித்தால் என்னைத் திட்டிக்கொள்ளலாம். பட்டறை வைத்திருப்பவர்கள் படித்தால் திட்ட மாட்டார்கள். அவர்களிடமும் இப்படி ஒரு கதை இருக்கும்.

செவ்வாய்க்கிழமை இருந்தவர்கள்

தேனியில் கம்பம் சாலையோரம் இருக்கும் எங்கள் பட்டறையில் அன்று மதியம் ஐந்து பேர் இருந்தோம். நான், பெயிண்டர் சேகர், புதுக் காரின் பம்பரில் விழுந்த கீறலைக் காட்ட வந்த போடி ஏலக்காய் வியாபாரி, கதவைச் சரியாகச் சாத்த முடியவில்லை என்று வந்த அனுமந்தன்பட்டி ரிட்டயர்டு டீச்சர், ஜீப்பின் படியை வெல்டிங் வைக்க வந்த சின்னமனூர் முருகேசன். ஷெட்டுக்குள் பிரித்துப்போட்ட வேன் ஒன்று கிடந்ததால் மூன்று வண்டிகளும் வெளியே நின்றன. சாதாரண மழை என்றுதான் உள்ளே ஒதுங்கினோம். நெல்லிக்காய் அளவில் ஆலங்கட்டி விழுந்தது. ஐந்து பேரும் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

மழை விட்டதும் முருகேசன் பானட்டைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். மேகமலையில் விடுதி நடத்தும் ஒருவர், விருந்தாளிகளை ஏற்றிப்போக மாத வாடகைக்கு ஜீப் தேடுகிறாராம். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சின்னமனூரில் வண்டியைப் பார்க்க வருகிறாராம். இப்படி ஒரு நிலையான ஓட்டத்துக்காக இரண்டு வருஷமாக அவன் அலைந்தது எனக்கும் தெரியும். அவன் கேட்டது இவ்வளவுதான்: "வெள்ளிக்கெழம காலைல குடுத்துருவீகளாண்ணே? அது போதும்."

அம்மை

மறுநாள் வட்டம் போட்டேன். ஜீப்புக்கு மேலே துணிக்கூரை என்பதால் பானட்டிலும் மட்கார்டிலும் மட்டும் அடி, நாற்பத்தொன்று. டீச்சர் கார் முப்பத்தெட்டு. வியாபாரியின் கார் நூற்றுப் பன்னிரண்டு. அது வெள்ளைக் கார், அதனால் சிவப்புச் சாக்பீஸ்.

வியாபாரி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். வீட்டில் கல்யாணம், தன் வண்டியை முதலில் எடுக்க வேண்டும் என்றார். எனக்கு ஆட்களின் முகம் பார்த்துப் பேச வராது. கையிலிருந்த சாக்பீஸைப் பார்த்துக்கொண்டே, ஜீப்தான் முதல் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சரி மேஸ்திரி, அம்மை போட்ட பிள்ளைய கல்யாண வீட்டுக்கா கூட்டிட்டுப் போறது, இங்கனயே கெடக்கட்டும்."

டீச்சர் திருத்தியது

வியாழக்கிழமை டீச்சர் வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். பின்கதவுக் கைப்பிடிக்குக் கீழே அவர் விரல் நின்றது. அங்கே வட்டம் இல்லை, ஒடுக்கு இருந்தது.

நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். பட்டறை தொடங்கிய நாளிலிருந்து என் கணக்கை யாரும் திருத்தியதில்லை. காது சுட்டது. மற்ற இரண்டு வண்டிகளையும் மறுபடி எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும், இனி ஒரு வண்டிகூடக் குறையோடு இங்கிருந்து போகக் கூடாது என்று மனதுக்குள் விழுந்துவிட்டது. டீச்சர் என் நோட்டை வாங்கி எட்டை அடித்து ஒன்பதாக்கினார். "பரவால்ல, ஒண்ணுதான விட்டீக."

பதினொரு மணி

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு ஜீப்பில் முப்பத்தெட்டு எடுத்தாகிவிட்டது. மீதி மூன்று, பானட்டின் முன் விளிம்பில். அங்கே தகடு இரட்டை. அடியிலிருந்து நெம்பக் கம்பி நுழையாது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்கே படும். முருகேசன் துவைத்த சட்டையும் நெற்றியில் விபூதியுமாக வந்து நின்றான். இதைக் கண்டுபிடிக்க அந்த டீச்சரைத்தான் கூட்டிவர வேண்டும், கொடுத்துவிடுங்கள் என்றான் சேகர். அரை மணி நேரம் என்று சொல்லி பானட்டைக் கழற்றி பெஞ்சில் போட்டேன். நான் செய்த தப்பு அதுதான். பானட் இல்லாத வண்டியை அவன் எப்படிக் கொண்டுபோவான்?

பத்தரைக்கு ஒரு ஒடுக்கு நிமிர்ந்தது. மற்ற இரண்டில் ஒன்றை நெம்பினால் அடுத்தது இறங்கியது. முருகேசனுக்குப் போன் வந்தது. வெளியே போய்ப் பேசினான். மூன்றாவது போனுக்குப் பிறகு உள்ளே வந்து பெயிண்ட் டப்பாமேல் உட்கார்ந்தான். வயதில் பெரியவனான என்னை அவசரப்படுத்தக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ. பன்னிரண்டுக்குக் கால்மணி இருக்கும்போது பானட்டை மாட்டினேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது, இரண்டு பாக்கி இருக்கிறது என்பதுதான்.

அவன் போய்ச் சேர்வதற்குள் அந்த விடுதிக்காரர் வேறு ஜீப்பைப் பேசி முடித்துவிட்டார். சாயங்காலம் போன் பண்ணினான். குரலில் கோபம் இல்லை. "அவுக ஒடுக்க எண்ணலண்ணே. வண்டி வந்துச்சா வரலையான்னு மட்டும்தான் பாத்தாக."

மறுபடி பார்த்தபோது

மற்ற இரண்டு கார்களும் ஒரு குறையில்லாமல் போயின. அம்மை இறங்கிவிட்டது என்று வியாபாரி கல்யாண இனிப்பு கொடுத்தனுப்பினார். முருகேசன் இப்போது கிடைக்கிற நாளில் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுகிறான். போன மாதம் பட்டறைக்கு எதிரே டீ குடிக்க நிறுத்தியிருந்தான். நான் ரோட்டைத் தாண்டிப் போய், அந்த இரண்டையும் காசில்லாமல் எடுத்துத் தருகிறேன் என்றேன். ஒரு ஆளிடம் நானாகப் போய்ப் பேசியது அபூர்வம். அவன் பானட்டை லேசாகத் தட்டிச் சிரித்தான். "இருக்கட்டும்ண்ணே. அதுக்கு மறுபடி பானட்டக் கழட்டணும்."

மூன்று வண்டிகளில் விழுந்தது நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நான் எடுத்தது நூற்றுத் தொண்ணூறு, என் வீம்புக்கும் கைக்கும் மசியாத மீதி இரண்டு அவன் பானட்டிலேயே இருக்கிறது.