ஓடையில் இறங்குபவர் ஒருவர்

தபால்பெட்டியைத் திறந்தால், பீட்சா விளம்பரங்களுக்கு நடுவே அரசாங்கத்தின் கடிதம். அபார்ட்மெண்டுக்குப் பின்னால் ஓடும் கிரீக் என்கிற ஓடையைப் பற்றி என் கருத்து வேண்டுமாம். பொன்னமராவதியில் வாழ்ந்த நாற்பது வருடத்தில் என் கருத்தை என் வீட்டிலேயே யாரும் கேட்டதில்லை.

அமெரிக்காவின் இந்த மாநிலத்தில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தண்ணீரின் தர அளவுகளை மறுஆய்வு செய்கிறார்கள். ஒவ்வொரு ஓடையும் எதற்குப் பயன்படுகிறது, குடிக்கவா, குளிக்கவா, மீனுக்கா என்று தீர்மானித்து, அதற்கேற்பக் கிருமி எவ்வளவு இருக்கலாம் என்று எழுதிவைக்கிறார்கள். எங்கள் கிரீக்கில் மனிதர் யாரும் இறங்குவதாகத் தெரியவில்லை, ஆகவே அந்தக் கிருமி வரம்பைத் தளர்த்தலாம் என்பது இந்த முறை யோசனை. எங்கள் ஊரிலும் இப்படிப் பிரித்துத்தான் வைத்திருந்தார்கள். குடிக்கிற ஊரணியில் கால் படக்கூடாது, குளிக்கக் குளம், மாட்டுக்குக் குட்டை. காகிதம் கிடையாது, மீறினால் நாலு வீட்டு வசவு. எந்தப் படியில் யார் இறங்கக்கூடாது என்பதும் அந்த எழுதாத சட்டத்தில் இருந்தது. அதைத் திருத்தலாமா என்று யாருக்கும் கடிதம் வந்ததில்லை.

யாரும் இறங்குவதில்லை என்பது பொய். நான் இறங்குகிறேன். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, நீருக்குள் நின்றுதான் செல்விக்கு போன் செய்வேன். அவள், விசா சிக்கலில் ஊரிலேயே தங்கிவிட்ட என் மனைவி. வாரம் முழுக்க நான் வாய் திறந்து பேசுவது அந்த ஒரு மணி நேரம்தான். மற்ற நாட்களில் லிஃப்ட் சொல்லும் மாடி எண்ணுக்கு "சரி" என்பேன்.

"என்னங்க, சலசலன்னு கேக்குது? அங்க போயும் தண்ணியிலதான் நிக்கிறீங்களா?" என்றாள் முதல் வாரம். அடுத்த வாரம் அறையிலிருந்து பேசினேன். "இன்னைக்கி என்ன, சத்தத்தக் காணோம்? அங்கிட்டுப் போயி நின்னு பேசுங்க" என்றாள்.

வரம்பைத் தளர்த்தி அந்த நீர் கெட்டுவிட்டால் எனக்கு நிற்க இடமில்லை. நேரில் கருத்துக் கேட்கும் ஹியரிங்குக்குப் போனேன். புதுக்கோட்டையில் திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துப் பழகிய கை. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெறப்பட்டது" என்று சீல் கேட்டேன். அதிகாரி அம்மாளிடம் சீல் இல்லை. நான் நகரவும் இல்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டு, மணியையும் எழுதிக் கொடுத்தார்.

"எத்தனை பேர் இறங்குகிறீர்கள்?"

"இரண்டு பேர். நானும் என் மனைவியும்."

"அவரும் நீரில் நடப்பாரா?"

"இல்லை. பொன்னமராவதியிலிருந்து கேட்பாள்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பல்லைக் காட்டினேன். அவர் எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு ஏதோ எழுதினார்.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது. இங்கே வந்த எல்லாக் கருத்துக்கும் எழுத்தில் பதில் சொல்கிறார்கள். "ஒரு நபர் முழங்கால் ஆழத்தில் இறங்குவதாகத் தெரிவித்துள்ளார். ஆகவே வரம்பு தளர்த்தப்படவில்லை. அடுத்த மறுஆய்வு மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. அப்போதும் பயன்பாடு தொடர்கிறதா என்று பார்க்கப்படும்." ஒரு மாநிலத்தின் சட்டமே என் இரண்டு கெண்டைக்காலில் நிற்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஞாயிறன்று செல்விக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஒருத்தருன்னா போட்டிருக்காங்க?"

"ஆமா."

"அப்ப நீங்க இறங்கலைன்னா?"

"அந்தக் கணக்குல ஆளே இல்லன்னு அர்த்தம். வரம்பத் தளர்த்திருவாங்க."

அவள் சிரிப்பாள் என்று காத்திருந்தேன்.

"மூணு வருசம் கழிச்சும் அங்கதான் நிப்பீங்களா?"

அடுத்த வருடம் வந்துவிடுவேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிவருகிறேன். அதை மூன்றாவது முறை சொல்ல வாய் வரவில்லை. அவள் போனை வைக்கவில்லை. குளிரில் கால் மரத்துக்கொண்டே வந்தது. கரையேறினால் அவளுக்குச் சத்தம் நின்றுவிடுமே என்று அப்படியே நின்றேன்.