யாருடையது என்று தெரியாத நாற்காலி

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு சக்கர நாற்காலிக்கு பேரிங் மாற்றியது. அவர் நாற்காலியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். விடுமுறையில் வந்திருந்த மகள், பழையதைத் தட்டிக் கழற்றி, கிரீஸ் தடவிப் புதியதை இறக்கினாள். தொழிற்சாலையில் இயந்திரங்களை வடிவமைக்கும் பொறியாளர் அவள். தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார் என்று சுத்தியலைக் கீழே வைக்காமல் காத்திருந்தாள்.

“இது மாடித் தையல்காரிக்கு. இந்தத் தடவ கண்ணு ஓட்டுப் போட்டே ஆகணும்,” என்றார் அப்பா.

கண்ணு. விடுதிக்குப் போகும்வரை அது இவளுடைய பெயர். இப்போது எவளுக்கோ தூக்கிக் கொடுத்துவிட்டார். சுத்தியலைக் கீழே வைத்தாள்.

தெருமுனை சைக்கிள் கடை அவருடையது. எல்லோருக்கும் ‘சக்கர அண்ணன்’. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றுக்கும் போவார், பழுது பார்க்க. கும்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

நடக்க முடியாதவர்களை வாக்குச்சாவடிக்கு அழைத்துப்போக மூன்று இடங்களும் ஆளுக்கொரு நாற்காலி வாங்கி, முதுகில் பெரிதாகப் பெயர் எழுதின. வந்தது வினை. போன தேர்தலன்று, “முதல்ல உங்க ஆளுங்க போகட்டும்,” என்றார் குருக்கள் இமாமிடம். இமாம் அதையே பாதிரியாரிடம் சொன்னார். மரியாதை ஒரு சுற்றுச் சுற்றி வர, நாற்காலிகள் நிழலில் நின்றன. நடக்க முடியாத தையல்காரியை மற்ற இருவரில் ஒருவர் மாடியிலிருந்து இறக்கியிருப்பார் என்று மூவரும் நம்பினார்கள். அவள் அடையாள அட்டையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அப்பா மூன்று பெயர்களையும் சுரண்டி, ஒரே சாம்பல் நிறத்தைப் பூசினார். “இனிமே எது யாருதுன்னு சாமிக்கே தெரியாது.” ஸ்டிக்கர் ஒட்ட வந்த கட்சிக்காரரிடம், “மூணு சாமி பேரையே சுரண்டிட்டேன், உன் தலைவர் எம்மாத்திரம்?” என்றார். யாருக்குப் போட்டாய் என்று கேட்கக்கூடாது என்பது கடையில் சட்டம்.

இதையெல்லாம் போனில் மணிக்கணக்காகச் சொல்வார். மகளுக்குப் பதவி உயர்வு வந்த அன்று, “ரொம்ப நல்லது. வச்சிடட்டா? இமாம் வந்திருக்காரு,” என்றார். தையல்காரியின் எந்தக் கால் எந்தப் பக்கம் மடங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். மகளின் தொழிற்சாலையில் என்ன தயாராகிறது என்று கடைசிவரை தெரியாது.

தேர்தலுக்கு முந்தின வாரம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையிலேயே சரிந்தார். குருக்களும் இமாமும் பாதிரியாரும் “எங்க ஆளு” என்று அழுதார்கள். தன் முறை வரட்டும் என்று மகள் நின்றாள். வரிசை முடியவே இல்லை.

வாக்குப்பதிவன்று மதியம் கடையைத் திறந்தாள். மூலையில் பேரிங் மாற்றிய அந்த நாற்காலி மட்டும் இருந்தது. பாதிரியார் ஒரு கிழவரைத் தள்ளிக்கொண்டு வியர்த்து வந்தார்.

“தையல்காரிய யாரு இறக்கறது, ஃபாதர்?”

“அது அண்ணன் வேலைன்னு விட்டுட்டோம்மா.” நாக்கைக் கடித்துக்கொண்டார். “அண்ணன் இல்லேங்கறது இன்னும் பழகல.”

நாற்காலியை வேண்டுமென்றே மெதுவாகத் தள்ளிப் போனாள். படிக்கட்டு குறுகல். அதைக் கீழே விட்டுவிட்டு ஏறினாள். தையல்காரி ஜன்னலோரம் இருந்தாள். மடியில் அடையாள அட்டை.

“அப்பாவே வந்து இறக்கறேன்னு சொல்லியிருந்தாரு.”

“எங்கப்பா.”

“சரி, உங்கப்பா. நான் என்ன பங்கா கேட்டேன்?” அவள் கண்ணும் சிவந்திருந்தது. “மொதல்ல இறக்குங்க. அப்புறம் நிதானமா சண்ட போடலாம்.”

“உன்ன கண்ணுன்னுதான கூப்பிடுவாரு?”

“ஆமா. என் பேரு எத்தன தடவ சொன்னாலும் அவருக்கு மறந்துடும்.”

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆளைத் தூக்கி இறக்க அப்பா சொல்லி அவள் தைத்த பட்டை கதவில் தொங்கியது. ஒரு முனையில் கொக்கி இருந்தது, மறுமுனையில் இல்லை.

“இன்னொரு கொக்கி வாங்கிட்டு வரேன்னுதான் போனாரு,” என்றாள் தையல்காரி.

மகள் பட்டையை இழுத்துப் பார்த்தாள். “எத்தன கிலோ இருப்ப?”

“உங்கப்பா இப்படியெல்லாம் கேட்டதே இல்ல.”

“அவர் வரல. நான்தான் வந்திருக்கேன்,” என்று சொல்லிவிட்டு, கொக்கி வாங்கப் படியிறங்கினாள்.