தம்பிக்கு ஒரு தட்டு

என் மனுசன் பேரின்பநாதன் மொன்ட்ரியாலில் தாய்லாந்துச் சாப்பாடு சமைக்கிறவர். கடை முதலாளி கம்போடியாவில் பிறந்த சீனர். சமைக்கிறவர் மட்டக்களப்பார். வந்து சாப்பிடுகிறவர்கள் கியூபெக் வெள்ளைக்காரர்கள். நான் அறிய ஒரு தாய்லாந்துக்காரர்கூட அந்தப் படி ஏறியதில்லை. ஆனால் இவர் கதைக்கிறதைக் கேட்டால், பாங்கொக்கில் பிறந்து வளர்ந்தவர் என்றே நினைப்பீர்கள். அப்படி அளப்பார்.

தொண்ணூற்று மூன்றில் அகதியாக வந்து இறங்கி, அந்தக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, கடைசியில் அடுப்புக்கு வந்தவர். செயின்ட்-மிஷேலில் மெட்ரோ ஏறுவார், வேலை முடிய அதே மெட்ரோவில் திரும்பி வருவார். குளிர்காலத்தில் வெயிலைக் காணாமலே கிழமைகள் போகும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் ராசா. டெப்பனர் என்கிற மூலைக்கடையில் போன் கார்ட் வாங்கி வந்து, குசினிக் கதிரையில் காலை மடித்து உட்கார்ந்து, ஊரிலிருக்கும் அம்மாவோடும் தம்பி துஷாந்தனோடும் கதைப்பார். தகப்பன் முன்னமே இறந்துவிட்டார். இவர் வெளிக்கிட்டு வரும்போது தம்பிக்குப் பத்து வயது. "நான் தூக்கி வளர்த்த பிள்ளை" என்று சொல்லும்போது பெற்றவரைப்போல முகம் மலரும். தம்பி, தம்பி, தம்பி! எனக்குச் சில நேரம் எரிச்சலே வரும்.

இவருடைய அம்மாவுக்கு, என் மாமிக்கு, கனடா விசா இரண்டு தரம் மறுத்தாயிற்று. இவரும் ஊருக்குப் போக ஏலாது. இப்படி மாட்டுப்பட்ட எங்கள் ஆட்கள் மூன்றாம் நாடு ஒன்றில் போய்த்தான் தாய் தகப்பனைச் சந்திப்பார்கள். அநேகம் பேர் சென்னைக்குப் போவார்கள். கோயிலும் சேலைக் கடையும் ஒரே இடத்தில் முடியும். இவர் ஒற்றைக் காலில் நின்றார், பாங்கொக்தான் என்று. "நான் இஞ்ச என்ன வேலை செய்யிறன் எண்டு அம்மாக்கும் தம்பிக்கும் காட்டோணும் மேனுகா" என்றார். இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு மாசி மாதம், வாசலில் பனி முழங்காலளவு கிடக்க, நாங்கள் புறப்பட்டோம்.

பாங்கொக் விமான நிலையத்தில் மாமி மட்டும்தான் வந்து இறங்கினார். இலட்சுமிப்பிள்ளை என்ற பெயரையும் போன் குரலையும் தவிர நான் அவரை அறியேன். கலியாணம் மொன்ட்ரியாலில் நடந்தது. சின்ன உருவம், வெள்ளைச் சேலை. இவர் கட்டிப்பிடித்துக் குழறினார், சனமெல்லாம் திரும்பிப் பார்க்க. பிறகு நிமிர்ந்து, தாயின் தோளுக்கு மேலால் தேடினார்.

"தம்பி எங்க?"

"பாஸ்போட்டில ஏதோ பிழையாம் மனே. அடுத்த கிழமை வருவான்."

இவர் நம்பினார். அந்தக் காலத்தில் மட்டக்களப்பில் எந்தக் காகிதம் ஒழுங்காகக் கிடைத்தது, நம்பாமல் இருக்க?

அடுத்த நாள் விடியவே, தெருவில் தள்ளுவண்டிகள் வந்துவிட்டன என்று காலைச் சாப்பாடு வாங்க ஓடினார். அறையில் நானும் மாமியும். மாமி என் இரண்டு கையையும் பிடித்தார்.

"புள்ள, துஷாந்தன் இல்ல."

எனக்கு விளங்கவில்லை.

"சுட்டுப்போட்டானுகள். தை மாசம். கடையப் பூட்டிட்டு சைக்கிள்ல வந்த புள்ளய. ஆரெண்டே தெரியா."

ஒரு மாமி தன் மருமகளிடம் நேரில் பேசுகிற முதல் கதை இதுவா, கடவுளே! ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த மனுசி மூடியிருந்தார். சொந்தக்காரர், அயலட்டை, அத்தனை பேரிடமும் கெஞ்சி, ஒருத்தரும் கனடாவுக்கு மூச்சுவிடாமல் செய்திருந்தார். போன் எடுத்தபோதெல்லாம் தம்பி வெளியில், தம்பி கொழும்பில் என்று சொல்லியிருக்கிறார்.

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது. "உங்கட மகனுக்கு நீங்க சொல்லாம எனக்கேன் மாமி சொல்லுறீங்க?"

"தனியா ஏலாம போச்சு புள்ள" என்றார். "சொன்னா அவன் மச்சம் தொடுவானா? பச்சத் தண்ணி குடிப்பானா? மூலையில கிடப்பான். நான் நிக்கிறது பத்து நாள். இனிக் காணக் கிடைக்குமோ தெரியா. ஒரு புள்ளைக்கு மண் போட்டுட்டு வந்திருக்கன். மத்தவன் வயிறாரச் சாப்பிடுறதப் பாத்திட்டுப் போறன். வாயத் திறந்திராத."

மச்சம் என்றால் மீன், இறைச்சி. எங்களில் சாவு விழுந்த வீட்டில் முப்பத்தோராம் நாள் வரை அது கிடையாது. அன்றைக்குச் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பார்கள். படைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். மாமிக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை. டிக்கெட் முதலே எடுத்தபடியால் சாவுத் துடக்குக் கழியாமலே வந்து நிற்கிறார்.

கதவு திறந்தது. இவர் இரண்டு கை நிறையப் பைகளோடு நுழைந்தார். சுட்ட கோழித்துண்டுகள் ஈர்க்கில் குத்தியபடி, மீன் உருண்டை, சின்னப் பைகளில் ஒட்டரிசிச் சோறு, ஐஸ் போட்ட தேத்தண்ணிகூடப் பையில், ரப்பர் வளையம் போட்டு. "அம்மா, இந்த மீன் உருண்டையத் திண்டு பாருங்க!" என்று தாயின் வாயருகே நீட்டினார். நான் மாமியைப் பார்த்தேன். வேண்டாமென்றால் இவர் ஏன் என்று கேட்பார். மீனில்லாமல் சோறு இறங்காத மனுசி என்று இவருக்குத் தெரியாதா? மாமி வாயைத் திறந்தார்.

அதற்குப் பிறகு சாப்பாடு, சாப்பாடு, சாப்பாடுதான். மற்றவர்கள் பாங்கொக்கில் கோயிலும் அரண்மனையும் பார்ப்பார்கள். நாங்கள் தள்ளுவண்டி பார்த்தோம். முதல் நாளே ஒரு சந்தில் ஒரு பெண் பாட்தாய் நூடுல்ஸ் பிரட்டுகிறதைக் கண்டு இவர் நின்றுவிட்டார். புளி, பனங்கட்டி, காய்ந்த இறால், ஒரு முட்டை. இரண்டு நிமிடத்தில் வாழையிலைத் துண்டில் விழுந்தது. இவர் ஒரு வாய் வைத்தார். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"ஐயோ மேனுகா, நான் இவ்வளவு வருசமும் இதுக்குள்ள கெச்சப் எல்லோ ஊத்தினனான்!"

"வெள்ளைக்காரன் காசு தந்து திண்டவன்தானே, விடுங்கோ" என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறியது. மாமியும் சிரித்தார். சிரித்த கையோடு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிளாஸ்டிக் முக்காலிகளில் குந்தியிருந்து, மேசையில் இருக்கிற சீனி, மிளகாய்த்தூள், காடி, மீன் சோஸ் சாடிகளை இவர் ஒவ்வொன்றாகத் தாய்க்கு விளக்குவார். உரலில் பப்பாளிக்காய் இடிக்கிற பெண்ணிடம் விரலைக் காட்டி இன்னும் இரண்டு மிளகாய் என்பார். சிப்பி போட்டு மொறுமொறுவென்று பொரித்த முட்டை, உப்புப் பூசிச் சுட்ட மீன், மாம்பழத்தோடு தேங்காய்ப்பால் சோறு. சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு ருசி. என் மனுசன் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. மொன்ட்ரியாலில் அவர் நின்றபடி, மற்றவர்களுக்கு அனுப்பி மிஞ்சியதைத் தின்கிறவர். இங்கே உட்கார்ந்து சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் "தம்பி வரட்டும், இந்தக் கடைக்குத்தான் முதல் கூட்டிவரோணும்" என்பார்.

ஒரு நாள் இவர் தண்ணீர் வாங்கப் போன நேரம், மாமி கையிலிருந்த மீன் துண்டைத் தட்டில் வைத்தார்.

"ருசியாக் கிடக்கு புள்ள. அதுதான் வயிறு எரியுது. என்ட புள்ள மண்ணுக்குள்ள கிடக்கான், எனக்கு நாக்கு கேக்குது பாத்தியா? நானெல்லாம் ஒரு தாயா?"

நான் அந்தத் துண்டின் முள்ளை எடுத்து விட்டேன். அவர் மீண்டும் சாப்பிடத் தொடங்கினார், இவர் வந்துகொண்டிருந்தபடியால்.

அந்த முப்பத்தோராம் நாள் நாங்கள் அங்கே நிற்கும்போதே வந்தது. மாமி விடிய எழும்பித் தலைக்குக் குளித்து, சேலையை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "தம்பிக்கு வர ஏலாதாம் மனே. விசா குடுக்கயில்லையாம்" என்றார்.

இவர் முகம் கறுத்துவிட்டது. "அப்ப நான் அவனைக் காணாமலே போறதா?" என்று கட்டிலில் இருந்துவிட்டார்.

"எழும்பு மனே" என்றார் மாமி. "அவன் வந்திருந்தா என்னென்ன கேட்டிருப்பானோ, அதெல்லாம் வாங்கு. உன்ட கையால வாங்கு. அவன்ட பேரில இண்டைக்குச் சாப்பிடுவம்."

அதைக் கேட்டதும் இவருக்கு உசார் வந்துவிட்டது. தெருத் தெருவாக அலைந்தார். தம்பிக்கு நண்டு என்றால் உயிர், நண்டு. தம்பி சின்னதில் இனிப்புக்கு அழுவான், தேங்காய்ப்பால் குழிப்பலகாரம். கோழி, இறால், ஐஸ் தேத்தண்ணி. ஒவ்வொன்றையும் நான் தூக்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன், மாமி விடவில்லை. "அவன் கொண்டு வரட்டும்" என்றார். ஆற்றங்கரையில் ஒரு கடையின் மேசையில் எல்லாவற்றையும் பரப்பினோம். மாமி ஒரு தட்டை எடுத்து, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்து, வெறுமையாக இருந்த முக்காலிக்கு முன்னால் வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மூடினார்.

"இது ஆருக்கு? தம்பிக்கோ?" இவர் சிரித்தார். காலையிலிருந்து அலைந்த பசி. "அவன் வந்தா இது ஒரு வாய்க்குக் காணாதம்மா!" என்றபடி, நான் தடுக்க முன்பே, அந்தத் தட்டில் கிடந்த நண்டுக்காலை எடுத்து வாயில் வைத்துக் கடித்தார்.

மாமியின் கை எழும்பியது. பாதியில் நின்றது. மெதுவாக இறங்கி மகனின் முதுகைத் தடவியது.

"தின்னு மனே" என்றார். "நீ திண்டா அவன் திண்ட மாதிரி."

மாமியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று ஓடியது. மிளகாய் உறைப்பு என்றார். இவர் பதறிப்போய் ஐஸ் தண்ணீரை எடுத்துக் கொடுத்தார். நான் எழும்பி ஆற்றுப் பக்கம் போய்விட்டேன். அவர்களுக்கு முன்னால் அழ எனக்கு உரிமை இருக்கவில்லை.

விமான நிலையத்தில் பிரிகிறபோது மாமி என் காதில் சொன்னார்: "ஞாயிறு போன் எடுக்க முதல் சொல்லிப்போடு புள்ள. இன்னொருக்கா அவன் தம்பி எங்க எண்டு கேட்டா, பொய் சொல்ல என்னில தெம்பில்ல." எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடித்தேன்.

சனிக்கிழமை மொன்ட்ரியாலில் இறங்கினோம். ஞாயிறு மத்தியானம் இவர் டெப்பனருக்குப் போய் கார்ட் வாங்கி வந்து, குசினியில் இருந்துகொண்டு நாணயத்தால் அதன் இலக்கத்தைச் சுரண்டத் தொடங்கினார். அடுப்பில் மீன் வெந்துகொண்டிருந்தது. பாங்கொக்கில் பார்த்த மாதிரி, எலுமிச்சைப் புல் போட்டு. "தம்பி இண்டைக்கு நிப்பான். அந்த நண்டுக் கதையச் சொல்லோணும்" என்றார்.

நான் அடுப்பை நிறுத்தினேன். "என்னப்பா, துஷாந்தன் இல்லை."

"எங்க போயிட்டானாம்?"

நான் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை. தை மாதம் என்றேன், சைக்கிளில் வரும்போது என்றேன், அம்மாதான் மறைத்தவ என்றேன். அவர் அழவில்லை. கார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குள் நாள் எண்ணினார்.

"அப்ப அண்டைக்கு, ஆத்தங்கரையில?"

"ஓம். முப்பத்தொண்டு."

அவர் இலக்கங்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். பிழையாய்ப் போனது, மறுபடியும் அழுத்தினார். மாமி எடுத்தது எனக்கே கேட்டது. இவர் சொன்னார்:

"அம்மா, படைக்க முதலே அவன்ட பிளேட்டில கை வைச்சிட்டனேம்மா. என்ட தம்பிட சோத்த எச்சில் படுத்திப்போட்டனே."

மாமியின் குரல் குசினி முழுக்கக் கேட்டது.

"விசர்க் கதை கதைக்காத மனே. உன்னப் பாக்க மட்டுமா அவ்வளவு தூரம் வந்தன்? தகப்பனும் இல்லாதவன், அவனுக்குப் படைக்க உன்ன விட்டா ஆர் இருக்கா? அதுக்குத்தானே ஒவ்வொண்டையும் உன்ட கையால வாங்குவிச்சன். அண்ணன் தெருத் தெருவா அலைஞ்சு வாங்கி, அண்ணனோட ஒரே பிளேட்டில திண்டிட்டுப் போயிருக்கான். அவனுக்கு ஒரு குறையும் இல்ல."

இவர் அப்படியே மேசையில் கவிழ்ந்துவிட்டார். போன் கையிலிருந்து நழுவியது. நான் எடுத்து அவர் காதோடு பிடித்தேன்.

"அழு மனே" என்றார் மாமி. "இனி அழு."