எப்ப அவுப்பிய?

ராஜபாளையத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் வெங்கடேஸ்வரி பல வருஷமாக டிசைனர். கல்யாணமோ காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, பேனரில் நிற்கும் தலைவர்களின் முகத்தை வெளுத்து, தொப்பையை உள்ளே தள்ளிக் கொடுப்பது அவள் வேலை. அதே தலைவர்களை இன்ஸ்டாகிராமில் தொப்பையோடு வரைவது அவள் கொள்கை. அங்கே அவள் பெயர் ‘மூணாம் நாள்’. மாதவிலக்கு வந்தால் புகுந்த வீட்டில் மூன்று நாள் தனித்தட்டு. அதற்குப் பழிவாங்க வைத்த பெயர். வேலைக்கும் கொள்கைக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான் என்பதில் அவளுக்குச் சங்கடம் எதுவும் இருந்ததில்லை.

தளவாய்புரத்துச் சமுத்திரம் தன் மகள் மாரிசெல்விக்குச் சடங்கு வைத்தபோது பேனர் அவளிடம்தான் வந்தது. கவுன்சிலர் பாண்டிதுரை கும்பிட்டபடி ஆளுயரத்துக்கு நின்றார். அவர் தலைக்கு மேல் கட்சிப் பெரியவர்கள் வரிசையாக. வயதுக்கு வந்த பிள்ளை கீழ் மூலையில், தபால்தலை அளவுக்கு. வெங்கடேஸ்வரி அதை அச்சுக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலமே கேலிச்சித்திரமாகவும் போட்டாள். அதில் பாண்டிதுரைக்குத் தாவணி, தலை நிறைய பூ. அடியில், ‘இதில் சடங்கு யாருக்கு?’ மூலையிலிருந்த பிள்ளையைப் புதிதாக வரையச் சோம்பல். கடைப் பழக்கத்தில், ஃபைலில் கிடந்த போட்டோவின் மேலேயே கோடு இழுத்தாள். தெற்றுப்பல் உட்பட அப்படியே வந்தது.

கிருஷ்ணன்கோவில் கல்லூரி மாணவர்கள் படத்தைப் பரப்பினார்கள். மதுரையில் ஒரு பெண்கள் அமைப்பு அவளைத் துணிச்சல்காரி என்றது. பொறவு, அந்தப் போட்டோ எந்தக் கடையில் இருந்தது என்று விசாரித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள். புகார் சமுத்திரத்தின் பெயரில், கோபம் பாண்டிதுரையுடையது. வீட்டுக்காரர் வரைந்ததா என்று இன்ஸ்பெக்டர் விசாரித்தார். அவள் அங்கேயே அவர் மீசையை வரைந்து காட்டித் தன் குற்றத்தை நிரூபித்தாள். படத்தை எடுத்துவிட்டு மன்னிப்பு எழுதிக் கொடுக்காவிட்டால் வழக்கு என்றார் அவர். போட்டுக்கோங்க என்றாள். சொல்லும்போது நாக்கில் கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

வெளியே பெஞ்சில் சமுத்திரத்தின் மகள் மாரிசெல்வி உட்கார்ந்திருந்தாள். வெங்கடேஸ்வரி வெளியே வந்ததும் எழுந்து கேட்டாள்.

“அக்கா, பேனர அப்பா நாலு நாள்ல அவுத்துட்டாவ. ஒங்க படத்த எப்ப அவுப்பிய?”

அது கவுன்சிலரைக் கேலி செய்ய வரைந்தது என்று வெங்கடேஸ்வரி ஆரம்பித்தாள்.

“பஸ்ஸுல ஃபோன நீட்டி, இது ஒம் பல்லுதானேட்டின்னு கேக்காளுவ. நான் ஸ்கூலுக்குப் போகல.”

பேனரைப் பார்த்தது ஒரு தெரு. வெங்கடேஸ்வரியின் படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது அவளுக்கே பெருமையாகத் தெரிந்த எண். அந்தத் தபால்தலையை ஊர் முழுக்க ஒட்டியது பாண்டிதுரை இல்லை.

உள்ளே போய்ப் படத்தை எடுத்தாள், கையெழுத்தும் போட்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து இன்ஸ்பெக்டர் டீ வரவழைத்தார். மதுரை அமைப்பும் அப்படித்தான் நினைத்தது. ‘வருத்தமாக இருக்கிறது தோழர்’ என்று எழுதியது. காரணத்தைச் சொன்னால் மறுபடியும் அந்தப் பிள்ளையைத்தான் கைகாட்ட வேண்டும். டைப் செய்த பதிலை அழித்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். கோழை என்ற பட்டம் தங்கிவிட்டது.

அடுத்த வாரம் பாண்டிதுரையின் ஆள் மாரீஸ்வரன் கடைக்கு வந்தான். ‘நீதி வென்றது’ என்று ஒரு பேனர் வேண்டுமாம்.

“அந்தப் பிள்ளை படத்தையும் ஒரு ஓரமா வச்சிருங்கக்கா. நம்ம கேஸே அதுதான?”

“அந்த ஃபைல் அழிஞ்சு போச்சு” என்றாள்.

அவன் டீ குடிக்கப் போனதும்தான் அழித்தாள். பிறகு பாண்டிதுரையை வழக்கம்போல வெளுக்க ஆரம்பித்தாள்.