லியோனின் குரலுக்குச் சந்தா

உவரிக் கடற்கரையில் மீன் ஏலம் போட லியோனுக்கு மைக் தேவைப்பட்டதே இல்லை. வள்ளங்கள் கரையேறி, மீனை மணலில் கொட்டி, வியாபாரிகள் சுற்றி நின்றதும் தொடங்குவார். அலையின் இரைச்சலைத் தாண்டி அவர் குரல் மாதா கோயில் வரைக்கும் கேட்கும். ஒரே மூச்சில் விலையை ஏற்றிக்கொண்டே போவார். கூட்டத்தில் யார் லேசாகத் தலையை அசைத்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஏலத்தை முடித்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைப்பார்.

ஐம்பத்தோராவது வயதில் தொண்டை கட்டியது. பனி, உப்புக்காற்று என்று சொல்லிச் சொல்லி நாளைக் கடத்தினார். கடைசியில் மனைவி லூர்து மேரி பிடிவாதமாகப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனாள். பரிசோதனைகள் முடிந்தபோது டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். குரல்வளையில் புற்றுநோய். அதை எடுத்துவிட்டால் உயிர் நிற்க வாய்ப்பு உண்டு. குரல் திரும்பாது. நோய் திரும்பாமல் ஐந்து வருஷம் கழிந்தால்தான் நிம்மதியாக இருக்கலாம்.

எடுத்துவிட்டார்கள். கழுத்தின் அடியில் மூச்சு விடுவதற்கு ஒரு துவாரம் மட்டும் இருந்தது. அதன்மேல் மெல்லிய துணி கட்டியிருந்தார்கள். கண் விழித்ததும் லியோன் பழக்கத்தில் "மேரி" என்று கூப்பிட்டார். உதடு மட்டும் அசைந்தது. காற்று கழுத்து வழியாகப் போய்விட்டது.

மகள் ஸ்டெபி கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தாள். லீவு போட்டுவிட்டு ஓடி வந்தவள், நாலைந்து நாள் தேடி, தட்டினால் தமிழில் பேசும் ஒரு செயலியை அப்பாவின் போனில் இறக்கினாள். அது சில நாள் சும்மா பேசியது. பிறகு பணம் கேட்டது. மாதச் சந்தா என்றால் ஒரு கிலோ சாளை மீனுக்கு ஆகும் காசு. ஒரே தடவையாக வாழ்நாளுக்கும் கட்டுவதென்றால் பெரிய சீலா மீன் ஒன்றின் விலை.

"வாழ்நாளுக்கே போட்டுருவோம்பா. மூணு வருஷம் மாசம் மாசம் கட்டுனாலே அதவிடக் கூட ஆயிரும்" என்றாள் ஸ்டெபி.

லியோன் தலையை ஆட்டி, மாதச் சந்தாவின் மேல் விரலை வைத்தார். அப்பா செலவுக்கு அஞ்சுகிறார் என்று ஸ்டெபி நினைத்துக்கொண்டாள். அவர் அஞ்சியது செலவுக்கு இல்லை. காலமெல்லாம் பார்த்த மாத்திரத்தில் மீனுக்கு மதிப்புப் போட்ட மனுஷன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து தனக்கும் ஒரு மதிப்புப் போட்டிருந்தார். மூன்று வருஷத்துக்கு ஏற விடாமல், அதற்குக் கீழேயே ஏலத்தை முடித்திருந்தார். போகிறவனுக்கு எதற்கு வாழ்நாள் சந்தா? மிச்சப் பணம் மேரிக்கு ஆகட்டும்.

மணல் பறக்கும் கரையில் இனி நிற்கக் கூடாது, துவாரத்துக்குள் தூசியோ தண்ணீரோ போனால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே லியோனும் மேரியும் பாளையங்கோட்டையில் வாடகைக்கு வீடு பிடித்து, சந்தையில் ஒரு மீன்கடை போட்டார்கள். உவரியிலிருந்து விடியற்காலை வேனில் மீன் வந்துவிடும்.

மூக்கு வழியாக மூச்சு போகாததால் லியோனுக்கு வாசனையும் போய்விட்டது. செவுளையும் கண்ணையும் பார்த்து அவர் மீனை எடுப்பார். மேரி ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுச் சரி என்பாள். பிறகுதான் அது பலகைக்கு வரும். வெட்டுவது மேரி. விலை சொல்வது போன்.

அந்தப் போன் பேசியது உவரித் தமிழ் இல்லை. மெதுவாக எடுங்கள் என்பதற்கு "பைய எடும் வே" என்று தட்டினால் அது எங்கெங்கோ இழுத்து எதையோ உளறியது. லியோன் இரண்டு மூன்று நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு விளங்குகிற புத்தகத் தமிழுக்கு மாறினார். "இன்று விளமீன் மிகவும் நன்றாக இருக்கிறது. தயவுசெய்து விரலால் அழுத்த வேண்டாம்" என்று செய்தி வாசிப்பவரைப் போல ஒரு குரல் மீன்கடையிலிருந்து எழும்பும். சிரிப்பை அடக்க முடியாமல் ஆட்கள் நின்றார்கள். நின்றவர்கள் வாங்கவும் செய்தார்கள்.

"ஏம் வே லியோன், ஒம்ம போனு எங்க வாத்தியாரு மாதிரில்லா பேசுது. எனக்கே எந்திச்சு நிக்கணும் போல இருக்கு" என்றார் பக்கத்தில் எலுமிச்சங்காய்க் கடை வைத்திருந்த காஜா முகைதீன்.

ஈரக்கையோடு ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட முடியாது. அடிக்கடி சொல்கிற வரிகளைச் செயலியில் சேர்த்துவைத்து, பிளாஸ்டிக் உறை போட்ட போனை விரல் முட்டியால் அமுக்குவார். இப்படியே ஒரு வருஷம் ஓடிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடையைச் சுற்றி ஆள் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில், போன் ஊமையாகிவிட்டது. லியோன் முட்டியால் அமுக்கினார். மறுபடி அமுக்கினார். அன்று மீனுக்கும் ஐஸுக்கும் பணம் அனுப்பியதில் வங்கிக் கணக்கு காலியாகி, தானாகக் கழிய வேண்டிய சந்தா கழியவில்லை. ஒரு அம்மா சீலா என்ன விலை என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். லியோனின் வாய் திறந்து திறந்து மூடியது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த அந்த நேரம் மறுபடி வந்ததுபோல் அவருக்கு இருந்தது.

மேரி கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கிப் பார்த்தாள். 'உங்கள் மாதச் சந்தா முடிந்துவிட்டது.' ஸ்டெபி வாங்கிக் கொடுத்தது, பணம் அன்றைக்கே கட்டியாயிற்று என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். மகளைக் கூப்பிட்டாள்.

"நான் வாழ்நாளுக்குப் போடத்தாம்மா சொன்னேன். மூணு வருஷம் போனா அதான் லாபம்னேன். அப்பாதான் மாசம் போதும்னுட்டாவ."

ஸ்டெபி பணம் அனுப்பினாள். குரல் திரும்பி வந்தது. வியாபாரம் நடந்தது.

மத்தியானம் வீட்டு முற்றத்தில் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்தபோதுதான் மேரி வாயைத் திறந்தாள்.

"மூணு வருஷங்கூட இருக்க மாட்டேன்னு ஒங்களுக்கு நீங்களே ஏலத்த முடிச்சிட்டீங்க. அப்படித்தான?"

லியோன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. போனை எடுத்து வெகுநேரம் தட்டினார்.

"எனக்குப் பயமாக இருந்தது. அதை உன்னிடம் சொல்லவும் பயமாக இருந்தது" என்றது செய்தி வாசிக்கும் குரல், கொஞ்சமும் பதறாமல், திருத்தமாக.

மேரிக்கு அழுகை வந்தது. அதற்குள்ளேயே சிரிப்பும் வந்துவிட்டது. "இத இப்படியா சொல்லுவாவ? நாளைக்கு மழை பெய்யும்ங்கிற மாதிரி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லியோனுக்குச் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அது குலுங்கிற்று.

"இப்பமே வாழ்நாளுக்கு மாத்துங்க" என்றாள்.

"ஐந்து வருடம் முடியட்டும்" என்றது போன். மேரி அதை ஒத்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து, சந்தா கழிந்த செய்தி ஒவ்வொரு மாதமும் யார் கண்ணில் முதலில் பட்டாலும் மற்றவரிடம் காட்டவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. "இந்த மாசமும் எடுத்துட்டான்" என்பாள் மேரி. திருடனைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும். முகம் மட்டும் மலர்ந்திருக்கும்.

மூன்றாவது வருஷம் தாண்டியது. வாழ்நாள் சந்தாவே மலிவு என்று ஸ்டெபி போட்ட கணக்கு உண்மையாயிற்று. அந்த மாதத்திலிருந்து லியோன் கட்டியதெல்லாம் நஷ்டம். வியாபாரத்தில் நயா பைசா விட்டுக்கொடுக்காத மனுஷனுக்கு இந்த நஷ்டம் இனித்தது. மாதம் ஒரு கிலோ சாளை கையை விட்டுப் போகப் போக, தன்னைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று தெரிந்துகொண்டே வந்தார்.

ஐந்தாம் வருஷப் பரிசோதனைக்குப் போனபோது மேரி வழியெல்லாம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். டாக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார், குழாயை விட்டுப் பார்த்தார், படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல, லியோன். நல்லா இருக்கீங்க. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவ வந்து காட்டுனா போதும்."

மேரி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். லியோன் போனை எடுத்தார். திரும்பவும் பைக்குள் வைத்துவிட்டு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. செயலியைத் திறந்து சந்தாப் பக்கத்துக்குப் போனார். மாதச் சந்தா இருந்தது, வருஷச் சந்தா இருந்தது. வாழ்நாள் சந்தாவைக் காணோம். மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

மேரி தன் போனில் மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். முதலில் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சந்தா விஷயத்தைச் சொன்னாள்.

"அத எடுத்துட்டாங்கம்மா. போனதே நல்லதுதான். வாழ்நாளுக்குன்னு கட்டுனவங்கள்லாம் இப்பம் சண்ட போட்டுட்டிருக்காங்க. பழைய குரல்தான் வருமாம், புதுசுக்குத் தனியா கட்டணுமாம். வாழ்நாள்னா அப்பாவோட வாழ்நாள்னு நாம நெனச்சோம், அந்தக் கம்பெனிக்காரன் செயலியோட வாழ்நாள்ங்கான். அப்பா, பேசாம வருஷத்துக்குப் போடுங்க. பிடிக்கலன்னா அடுத்த வருஷம் வேற பாத்துக்கிடலாம்."

அடுத்த வருஷம் என்று அவள் வெகு சாதாரணமாகச் சொன்னாள். லியோன் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு நின்றார். அதைச் சொல்ல வீட்டில் இதுவரை யாருக்கும் துணிவு வந்ததில்லை.

வருஷச் சந்தாவை அமுக்கி, ரகசிய எண்ணைப் போட்டார்.

"ஆயிட்டா?" என்றாள் மேரி.

"ஆகிவிட்டது" என்றது போன். பக்கத்தில் நின்ற காலேஜ் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். லியோன் அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் லியோனும் பக்கத்தில் மேரியும் உட்கார்ந்தார்கள். சித்திரை வெயிலில் சீட்டுக் கம்பியெல்லாம் கொதித்தது. நாளைக்கு வேனில் என்ன மீன் வரச்சொல்ல என்று கேட்பதற்காக லியோன் தட்டத் தொடங்கினார். பாதியில் தோளில் பாரம் விழுந்தது. மேரி வாயை லேசாகத் திறந்தபடி அயர்ந்து தூங்கிப்போயிருந்தாள். போன் சத்தம் போட்டுவிடாமல் அதை அணைத்து, அவர் அசையாமல் உட்கார்ந்துகொண்டார்.