மாமியாரை மேடேற்றிய மழைக்குழாய்

அவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. அவர் கைபட்ட லிஃப்ட் எத்தனை மாடியானாலும் ஆட்களை அலுங்காமல் கொண்டுபோய்விடும். சொந்தக் கார் மட்டும் மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். மேட்டுத்தெருவின் கடைசி வளைவில் வீட்டார் எல்லோரும் இறங்கி நடந்தால்தான் அது ஏறும். அதனால் தெருவில் அவருக்குத் தள்ளுவண்டிக்காரர் என்று பெயர். கடவுள் பொறுமையை அள்ளிக் கொடுத்திருந்தார். அந்தப் பெயரில் கூப்பிட்டாலும் சிரித்த முகமாகத் திரும்பிப் பார்ப்பார்.

மாமியாரின் சின்ன மகள் குடியிருப்பது அந்த மேட்டின் உச்சியில். முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு மாமியாரால் இறங்கி நடக்க முடியாது.

"ஞாயித்துக்கிழமை என்னை உக்காந்தபடியே மேல கொண்டுபோய்ச் சேத்தீங்கன்னா வண்டி இருக்கட்டும் மாப்பிள்ளை. இல்லேன்னா வித்துத் தலைமுழுகிடுங்க."

மனைவியும் அம்மா பக்கம் சாய்ந்துவிட்டாள். அவருக்கு ரோஷம் வந்து, "சரி அத்தை" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய கார் அது. அதை விற்க மனசு வராது.

கூட வேலை செய்கிறவர் ஒரு வழி சொன்னார். இன்ஜினுக்குள் போகிற காற்று சூடா, குளிரா என்று பார்த்துச் சொல்ல ஒரு குட்டி சென்சார் இருக்கிறது. சூடு என்று அது சொன்னால் இன்ஜின் அடக்கி வாசிக்கும். அதன் வயரில் ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்துவிட்டால் நிஜத்தைவிடக் குளிர் என்று சேதி போகும்; வண்டி பறக்கும். லிஃப்ட்காரருக்கு வயர் வேலை கைவந்த கலை. சனிக்கிழமை காலையிலேயே சேர்த்துவிட்டு, மனைவியை உட்காரவைத்து மேட்டுக்கு ஓட்டினார்.

பாதி மேட்டில் பெட்ரோல் வாடை அடித்தது. பின்னால் கரும்புகை. இன்ஜினுக்குள் யாரோ கூழாங்கல்லைக் குலுக்குகிற மாதிரி சத்தம்.

"பறக்கும்னீங்க, இருமுது."

ஓரங்கட்டி பானட்டைத் திறந்து, சென்சாரைக் காட்டி விஷயத்தைச் சொன்னார்.

"இது சூடுன்னு சொன்னுச்சு, நீங்க குளிருன்னு மாத்திட்டீங்க. அப்படித்தானே?"

"ஆமா."

"ஏங்க, நெஜமாவே சூடா இருந்தா?"

அவர் காற்று போகிற பெட்டியின் வாயருகே கையை வைத்தார். அடுப்படி போலக் கொதித்தது. முன்பக்கத்துக் குளிர்ந்த காற்றை இழுக்க வேண்டிய பெட்டி, இன்ஜின் விட்ட வெப்பத்தையே இழுத்துக்கொண்டிருந்தது.

"இங்க கறுப்பா ஒரு குழாய் இருக்குமே, மடிப்பு மடிப்பா?" என்றாள் மனைவி.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். போன மழைக்காலத்தில், கடகடவென்று ஆடுகிறது என்று அவரே கழற்றிய குழாய். கூரைத் தண்ணீர் மாமியாரின் அறை வாசலில் கொட்டாமல் இருக்க, அதை மழைக்குழாயின் முனையில் மாட்டிவிட்டுத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டவர்.

பாவம், சென்சார் இத்தனை நாளும் உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறது. உண்மை சொன்ன வாயைப் பொத்தியதற்கு மனசுக்குள் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ரெசிஸ்டரைப் பிடுங்கினார். வீட்டுக்குப் போய், மாமியாரின் கண்ணெதிரே மழைக்குழாயிலிருந்து அதைக் கழற்றிக் கழுவி, பழைய இடத்திலேயே ஆடாமல் இறுக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி வளைவு வந்ததும் மாமியாரின் கை பழக்கத்தில் கதவுப் பிடிக்குப் போனது.

"உக்காருங்க அத்தை."

கார் கொஞ்சம் முனகியது. பிறகு சமர்த்தாக ஏறி, சின்ன மகள் வீட்டு வாசலில் நின்றது. அவர் இறங்கிவந்து கதவைத் திறந்துவிட்டும் மாமியார் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன அத்தை, கால் வலிக்குதா?"

"இல்ல மாப்பிள்ளை. முழுசா உக்காந்து வந்து வருஷமாச்சா, எப்ப இறங்கறதுன்னு தெரியல. வண்டி இருக்கட்டும்."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க மேலே பார்த்தார். முதல் மழைத்துளி மூக்கில் விழுந்தது.

மாமியாரும் வானத்தைப் பார்த்தார். "என் பஞ்சுச் செருப்பு ரூம் வாசல்ல கெடக்குது" என்றார்.